நடுக்கத்தின் முதல்

பெருந்துன்பத்திற்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்பது மனித உள்ளத்தின் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. அதை எவரும் நமக்குக் கற்பித்ததில்லை. வாதிட்டு நிலைநாட்டியதும் இல்லை. ஆயினும் வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனாலும், உடலில் ஒரு வலி தோன்றினாலும், நாட்டில் ஒரு குழப்பம் விளைந்தாலும் நம் எண்ணம் முதலில் தொலைவை நோக்கியே ஓடுகிறது. அருகில் இருப்பதைப் பார்க்க அது கூசுகிறது. இந்தக் கூச்சம் அறிவின் குறையா, ஒழுக்கத்தின் குறையா? அறிவின் குறை என்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. ஆனால் உண்மையான காரணம் தெரியவரும் வரையில் நாம் சும்மா இருப்பதில்லை. யார் மீதாவது ஐயம் கொள்கிறோம், எதன் மீதாவது பழி சுமத்துகிறோம். பழி என்று வந்த பிறகு அது அறிவு பற்றிய செய்தியாக மட்டும் இருக்க முடியாது.

நான் வாழும் பிடோக் வட்டாரத்திற்கு அப்பெயர் ஒரு பெரிய முரசினால் வந்தது என்பர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தொழுகைக்கு மக்களை அழைப்பதற்காகப் பள்ளிவாசலில் அடித்த முரசை மலாய் மக்கள் அவ்வாறு வழங்கினர். அதிர்வின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு ஓர் அதிர்வைப் பற்றி எழுதுவது பொருத்தமே.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழும் இளைஞர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 150 சிசி ஆற்றலுள்ள, ஒற்றை உருளை இயந்திரம் கொண்ட வண்டி. சில மாதங்கள் குறையின்றி ஓடியது. பிறகு ஒரு நாள் தொடங்கியது நடுக்கம். நகர்ச் சாலைகளில் மெல்லச் செல்லும்போது ஒன்றும் இல்லை. தீவு விரைவுச்சாலையில் ஏறி மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும்போது கைப்பிடி நடுங்கும். கால் வைக்கும் கட்டை நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் நீரில் கரைந்த ஓவியம்போல் கலங்கித் தோன்றும். வேகத்தைச் சற்றுக் கூட்டினால் நடுக்கம் தணியும், குறைத்தாலும் தணியும். வேலை முடிந்து வீடு வந்த பிறகும் விரல்களில் அந்தத் துடிப்பு நின்றுகொண்டிருக்கும் என்று அவர் சொன்னார்.

அதற்குப் பின் அவருக்குக் கிடைத்த விளக்கங்களுக்குக் குறைவில்லை. பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். முன்னால் வைத்திருந்தவர் எங்கோ மோதியிருக்கிறார், சட்டமே வளைந்திருக்கிறது, அதை மறைத்து உம் தலையில் கட்டிவிட்டார் என்றார் இன்னொருவர். பட்டறை ஒன்றில் இயந்திரத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் சுழல்தண்டையும் தாங்கிகளையும் பார்க்க வேண்டும் என்று கூறிப் பல நூறு வெள்ளி ஆகும் என்றனர். வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தானே, எஞ்சியிருக்கும் காலத்திற்கு இவ்வளவு செலவு தகுமா, வண்டியை ஒழித்துவிடலாமா என்று கணக்குப் போடும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். இவற்றுள் அவர் மனம் உறுதியாகப் பற்றிக்கொண்டது பழைய உரிமையாளரைப் பற்றிய ஐயத்தைத்தான். அம்மனிதருக்கு அவர் அனுப்பிய செய்திகள் இனிமையாக இல்லை.

கடைசியாகக் காக்கி புக்கிட் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டி போயிற்று. அவர் எதையும் பிரிக்கவில்லை. வினாக்களையே கேட்டார். “தம்பி, எந்த வேகத்தில் தொடங்குகிறது? அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தானாக உருள விட்டுப் பார்த்தீரா?” பார்த்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சக்கரங்கள் அதே வேகத்தில் உருளும்போது, இயந்திரம் மட்டும் தணிந்தவுடன், நடுக்கம் நின்றுவிட்டது. எனவே குற்றம் சக்கரத்திலோ டயரிலோ இல்லை. பிறகு வண்டியை நிறுத்திவைத்து, கியரில் போடாமல் இயந்திரத்தை மட்டும் முடுக்கினார். நின்ற இடத்திலேயே கைப்பிடி நடுங்கியது. சாலையும் சங்கிலியும் கூட இப்போது விலக்கப்பட்டன. இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பார்த்தார். ஒன்றைச் சுற்றி மட்டும் செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய துகள் படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் நெடுநாள் உரசினால் தோன்றும் துகள் அது. ஸ்பானரை வைத்து இறுக்கினார். நடுக்கம் போயிற்று. பத்து வெள்ளி வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒற்றை உருளை இயந்திரத்தில் உலக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்குகிறது. நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 முறை. அந்தக் குலுக்கலை முழுவதும் நீக்கிவிட முடியாது. அது எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் எந்தப் பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. நன்றாக இறுக்கிய சட்டத்தின் இயல்பு அதிர்வெண், வழக்கமாக நாம் ஓட்டும் வேகங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்குமாறு அமைத்திருப்பர். ஒரு பிணைப்புத் தளர்ந்தால் அமைப்பின் விறைப்புக் குறைகிறது. விறைப்புக் குறைந்தால் அந்த அதிர்வெண்ணும் கீழிறங்கி, அன்றாட ஓட்டத்தின் எல்லைக்குள் வந்து விழுகிறது. அப்போது இயந்திரத்தின் துடிப்பும் சட்டத்தின் இயல்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அதன் போக்கறிந்து ஒரு விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் மேலும் மேலும் உயர்வது போன்றது இது. ஒத்ததிர்வு என்று நம் பள்ளி நூல்கள் சொல்கின்றன. இயந்திரத்தில் புதிய விசை எதுவும் தோன்றவில்லை. முன்பு தாங்கப்பட்ட விசை இப்போது பெருக்கப்பட்டது, அவ்வளவே.

ஆகவே நடுக்கத்தின் அளவு, காரணத்தின் அளவைக் காட்டுவதில்லை. எது எதனோடு பொருந்தியது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. கண்முன் காணும் விளைவைக் கொண்டு காணாத காரணத்தை அளந்துவிடலாம் என்னும் நம் பழக்கம் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது.

தமிழில் இதைப் பற்றி எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். காட்டில் எழும் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என்று உணர்வது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேற்றிசையில் எங்கோ மழை பெய்திருக்கிறது என்று துணிவது எச்சம். கரிய முகிலைக் கண்டு இது பெய்யும் என்பது முதல். மாணவர்களுக்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போது நாம் இலக்கணம்போல் வகைகளை ஒப்பிக்கச் செய்து மேலே போய்விடுகிறோம். சற்று நின்று ஒரு வினா எழுப்பலாம். வெள்ளம் வந்தது உண்மை, மழைதான் காரணமா? மேலே உள்ள ஏரியின் கரையில் நண்டு துளைத்த வளை ஒன்று வழியாக நீர் கசிந்து, கசிவு ஓடையாகி, ஓடை உடைப்பாகி, வானத்தில் ஒரு துளி மேகமும் இல்லாத நாளில் ஊரை வெள்ளம் சூழக்கூடும். வெள்ளத்தைப் பார்த்தவன் வானத்தை நோக்குகிறான். நண்டு வளையை நோக்குவதற்கு அவன் குனிய வேண்டும்.

குனிவதுதான் கடினம். நெடுநாள் துன்புற்றவனுக்குத் தன் துன்பத்தின் மீது ஒருவகை மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. அதற்காக அவன் உறக்கம் இழந்திருக்கிறான், உற்றாரிடம் முறையிட்டிருக்கிறான், பணத்தை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறான். இத்தனைக்கும் காரணம் கால் திருகு தளர்ந்த ஓர் இரும்புத் துண்டு என்றால், பட்டதெல்லாம் வீண் என்று ஆகிறது. நம் இளைஞரும் நடுக்கம் நின்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினாரே ஒழிய, “இதற்கா?” என்னும் ஏமாற்றமும் அவர் முகத்தில் இருந்தது. பல நூறு வெள்ளி கேட்ட பட்டறையை அவர் நம்பினார். பத்து வெள்ளி வாங்கியவரை நம்பச் சில நாள் பிடித்தது. வாடிக்கையாளர் பெரிய காரணத்தையே வாங்க விரும்புகிறார் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர் எல்லாரும் அறிவர். அதை அறிந்தும் சிறிய உண்மையைச் சிறிய விலைக்கு விற்பவரின் நேர்மை கண்ணுக்குப் புலப்படாத நேர்மை. பெரிய பழுதைச் சரிசெய்தவருக்குப் புகழ் வருகிறது. பழுதே இல்லை என்று சொன்னவருக்கு என்ன வருகிறது?

முதலில் போன பட்டறை ஏமாற்ற முயன்றது என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் இயந்திரங்களைத் திறப்பவருக்கு எந்த ஒலியும் இயந்திரத்திற்குள்ளிருந்தே கேட்கும். அறுவை மருத்துவரிடம் போனால் கத்தியைப் பற்றிய பேச்சு எழுவதைப் போல இது இயல்பானதே. ஆயினும் பழைய உரிமையாளர் மீது விழுந்த பழியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. போல்ட்டை இறுக்கியது ஒரு நிமிட வேலை. அம்மனிதருக்கு அனுப்பிய கடுஞ்சொற்களைத் திரும்பப் பெறுவது எத்தனை நாள் வேலை? மோதலும் இல்லை, மறைப்பும் இல்லை, வளைந்த சட்டமும் இல்லை என்று இன்று தெரிகிறது. நடுக்கம் நின்ற அன்றே வண்டி பழைய நிலைக்கு வந்துவிட்டது; அவர் மட்டும் வரவில்லை. காரணம் தெரியாத இடைக்காலத்தில் நாம் செய்வன எல்லாம் நம் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

இது ஒரு தனிமனிதருக்கும் அவர் வண்டிக்கும் மட்டும் நேர்வதன்று. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூரின் வட்ட ரயில் பாதையில் ஒரு விந்தை தொடங்கியது. பிடோக்கிலிருந்து பாய லேபார் வரை சென்று அந்தப் பாதைக்கு மாறுவோர் பலரும் அதனால் அலைக்கழிந்தனர். ஓட்டுநர் இன்றித் தானாக ஓடும் ரயில்கள் திடீர் திடீரெனச் சமிக்ஞைத் தொடர்பை இழந்தன. தொடர்பு அற்றால் பாதுகாப்புக்காக அவசரத் தடை தானே இயங்கும் என்பதால் சுரங்கத்தில் ஆங்காங்கே நின்றன. சில நாளில் அது அடங்கியது. நவம்பர் தொடக்கத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஏதோ ஓர் அலைக்குறுக்கீடு என்பது தெரிந்தது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. நிகழ்வுகள் எந்த ஒரு நிலையத்தையும் சாரவில்லை, எந்த ஒரு நேரத்தையும் சாரவில்லை, எந்த ஒரு ரயிலையும் சாரவில்லை. எங்கும் பரவியிருந்தன. எங்கும் பரவியிருப்பதற்குக் காரணமும் எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றக்கூடிய நிலை.

கவ்டெக் எனப்படும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் மூவர் நவம்பர் 5ஆம் நாள் இதனைக் கையில் எடுத்தனர். நேரத்தை ஓர் அச்சிலும் இடத்தை மற்றோர் அச்சிலும் வைத்து ரயில்களின் போக்கைக் கோடுகளாக வரையும் பழைய முறை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் மாரேயின் பெயரால் அது வழங்குகிறது. அந்த முறையில் நிகழ்வுகளைப் புள்ளிகளாகக் குறித்தபோது, சிதறிக் கிடந்தவை ஒரு சாய்கோட்டில் அமைவதுபோல் தோன்றின. ஒரு ரயில் நின்றது. சற்று நேரத்தில் அதற்குப் பின்னால் வந்த ரயில் நின்றது. பிறகு அதற்கும் பின்னால் வந்தது. எதிர்த்திசையில் ஏதோ ஒன்று இவற்றைக் கடந்துகொண்டே போகிறது! அது மற்றொரு ரயிலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருந்தவரை அது அகப்படாததற்குக் காரணம், அந்த ரயில் தான் பாதிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதுதான். அன்றைய ஓட்டப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஓர் எண் மேலெழுந்தது: பிவி46. மறுநாள் நெருக்கடி இல்லாத நேரத்தில் அந்த ரயிலை ஓடவிட்டுச் சோதித்தனர். அருகில் வந்த ரயில்கள் தொடர்பிழந்து நின்றன. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நேர்ந்த நிகழ்வுகளில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவற்றை அந்த ஒரே ரயிலைக் கொண்டு விளக்க முடிந்தது. ஒரு வண்டியின் சமிக்ஞைக் கருவியில் இருந்த பழுது. அதனால் பல்லாயிரம் பயணிகளின் வாரங்கள் கலைந்தன.

காக்கி புக்கிட் முதியவரும் இந்த மூன்று அறிவியலாளரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் இரு தரப்பினரும் எதையும் பிரிக்கு முன் எதை எதனின்று பிரித்தறியலாம் என்று பார்த்தனர். முதியவர் இயந்திரத்தைச் சக்கரத்தினின்று பிரித்தறிந்தார். இவர்கள் ரயிலை இடத்தினின்று பிரித்தறிந்தனர். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயை அறிவதையும் அதன் முதலை அறிவதையும் தனித்தனிச் செயல்களாகவே வைத்தார். முன்னதைத் தெரிந்துகொண்டதனால் பின்னதும் தெரிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது என்பது அந்த வைப்புமுறையிலேயே அடங்கியிருக்கிறது என எண்ணுகிறேன்.

இவ்வளவும் படித்த ஒருவர், எல்லாப் பெருந்துன்பத்திற்கும் ஒரு சிறிய திருகைத் தேடிக் கிளம்பிவிடக் கூடாது. எளிய விளக்கத்திற்கும் ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா தொங்குபாலம், திறக்கப்பட்டு நான்கு மாதமே ஆன நிலையில், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்தது. காற்றின் துடிப்பும் பாலத்தின் துடிப்பும் பொருந்தின, ஒத்ததிர்வு என்று பல பாடநூல்கள் நெடுங்காலம் ஒரே சொல்லில் முடித்தன. பொறியியலார் அதை ஏற்பதில்லை. பாலத்தின் ஆட்டமே தன்னைச் சுற்றிய காற்றோட்டத்தை மாற்றி, மாறிய காற்று ஆட்டத்தை மேலும் வளர்த்த சிக்கலான நிகழ்ச்சி அது என்பது அவர்கள் துணிபு. மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்திய சொல் பாலத்திற்குப் பொருந்தவில்லை. சிறியதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம், விடை சிறியதாகவே இருக்கும் என்பதன்று. சிறியதைக் கேட்டுப் பார்ப்பதால் எவருக்கும் இழப்பில்லை என்பதே. கிளட்சைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு காசும் ஆகாது. இயந்திரத்தைத் திறந்த பிறகு தவறு என்று தெரிந்தால் பணம் போகும். மனிதரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகு தவறு என்று தெரிந்தால், போவது பணமன்று.

ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் நிற்பது இந்த இடத்தில்தான். கடைசி வரிசையில் இருக்கும் மாணவன் கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறினால் அவன் சோம்பல் உடையவன் என்று சொல்லிவிட்ட காலம் ஒன்று இருந்தது. கிட்டப்பார்வை மிகுந்த இந்நாட்டில், பள்ளிகளில் பார்வைச் சோதனை முறையாக நடப்பதால், அந்தப் பிழை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. கண்ணுக்குச் சோதனை உண்டு. நாவுக்கு அத்தகைய சோதனை ஏது?

தமிழ் வகுப்பில் வாய் திறவாத மாணவனைக் கண்டால் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் காரணங்கள் எல்லாம் மலையளவு. வீட்டில் தமிழ் இல்லை, காலம் ஆங்கிலத்தின் காலம், பெற்றோருக்கு அக்கறை இல்லை, தலைமுறையே மாறிவிட்டது. இவை பொய் என்று யாரும் கூற முடியாது. வீட்டில் புழங்காத மொழி வகுப்பில் தயங்கும் என்பது உண்மையே. இவை திருகு தளர்ந்த கதையன்று, பாலத்தின் கதை என்று ஒருவர் வாதிட்டால் அவரை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இக்காரணங்கள் வகுப்பிலுள்ள இருபது பேருக்கும் பொது. பத்தொன்பது பேர் தட்டுத்தடுமாறியேனும் பேசும்போது ஒருவன் மட்டும் பேசாதிருப்பதை அவை எப்படி விளக்கும்? மழை எல்லா வீட்டிற்கும் பொதுவாகப் பெய்தது. ஒரு வீட்டில் மட்டும் வெள்ளம் என்றால் அந்த வீட்டுக் கூரையை அன்றோ பார்க்க வேண்டும்? பெற்றோரை வரவழைத்து, மொழிப்பற்று இல்லை என்று கூறி அனுப்புவதற்கு முன், முதியவர் கேட்டதுபோல், எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று கேட்கலாம். எந்த வகுப்பு முதல் அவன் பேசவில்லை? எந்தப் பாடத்தில்? தனியே இருக்கும்போதும் வாசிப்பதில்லையா, பிறர் முன்னிலையில் மட்டுமா? தொடக்கநிலை 4இல் ‘பழம்’ என்பதை எவ்வாறோ ஒலித்தபோது வகுப்பு சிரித்திருக்கலாம். சிரிப்பை அடக்கிவிட்டு ஆசிரியர் அடுத்த மாணவனை எழுப்பியிருக்கலாம். அதற்கு மேல் எவரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், அவனைத் தவிர.

அப்படித்தான் நடந்தது என்று நான் துணியவில்லை. நடக்கவில்லை என்றும் ஆகலாம். வாய்மொழித் தேர்வுக்கு முன்னர் எல்லாப் பள்ளிகளிலும் சில வாரங்கள் பயிற்சி நடக்கிறது. அவற்றுள் ஓர் இடைவேளையில், வேறு எவரும் இல்லாத வகுப்பறையில், அவனை அருகே அமர்த்திக்கொண்டு ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும்.